பெருந்தொற்று நேரத்தில் பேங்க் கிளைக்குள் ஆட்களை விடத்தான் வேண்டுமா?

வடக்குவீதி கேட்டது:

கொரோனா ஓய்ந்து வருடங்கள் ஆனாலும் இந்தச் சந்தேகம் தீரவில்லை. 2020 மார்ச் 25ஆம் தேதி முதல் நாடே பூட்டிக் கிடந்தது. பேங்குக்கு மட்டும் விலக்கு. ஆன்லைனில் பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பர் முதலே 24 மணி நேரமும் ஓடுகிறது. யூபிஐ இருக்கிறது. எந்த பேங்க் ஏடிஎம்மில் எடுத்தாலும் மூன்று மாதத்துக்குக் கட்டணம் இல்லை என்று நிதியமைச்சரே அறிவித்தார். இவ்வளவும் இருக்க, வாசலில் நூறு பேரை வெயிலில் நிறுத்தியது எதற்கு? ஷட்டரை இறக்கிவிட்டு, ஊழியர்கள் மட்டும் உள்ளே இருந்து வேலை பார்த்திருக்க முடியாதா? "அத்தியாவசிய சேவை" என்ற ஒற்றை வரிப் பதில் வேண்டாம். கிளை நடக்கிற விதம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். அடுத்த தொற்று ஒன்று வந்தால் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

கல்லாப்பெட்டி எழுதியது:

"ஏடிஎம் இருக்கே" என்கிற இடத்தில்தான் முதல் ஓட்டை. ஏடிஎம் தானாகப் பணம் அச்சடிப்பதில்லை. தள்ளி இருக்கும் ஏடிஎம்களுக்கு ஏஜென்சி வண்டி வந்து பணம் போடும். கிளையை ஒட்டிய ஏடிஎம்களில் பலவற்றுக்கு அந்தக் கிளை ஊழியர்களேதான் போடுகிறார்கள். கிளை பூட்டினால் ரெண்டாம் நாள் "பணம் இல்லை" போர்டு தொங்கும்.

கணக்கையும் பாருங்கள். மெஷினில் பொதுவாக நாலு காசெட், அதாவது நோட்டு அடுக்கும் பெட்டி. ஒன்றில் 2,000 முதல் 2,500 நோட்டு வரை பிடிக்கும். 500 ரூபாய் காசெட் நிரம்பினால் 12.5 லட்சம். 100 ரூபாய் காசெட் நிரம்பினாலும் 2.5 லட்சம்தான். சின்னத் தொகை எடுப்பவர்கள் கூடும்போது நூறு, இருநூறு ரூபாய் காசெட்டுகள் முதலில் காலியாகின்றன. அதன்பிறகு கணக்கில் 480 ரூபாய் வைத்திருப்பவருக்கு அந்த மெஷின் இருந்தும் இல்லாததுதான். அவர் ஸ்லிப் எழுதி கவுன்ட்டருக்குத்தான் வர வேண்டும்.

ஜன்தன் கணக்குக்காரர்களில் நிறையப் பேரிடம் ரூபே ஏடிஎம் கார்டு கவர் பிரிக்காமலே கிடந்தது. பின் நம்பர் உருவாக்க கணக்கில் பதிவான மொபைல் வேண்டும். அந்த நம்பரோ எப்போதோ மாறிப்போயிருக்கும். அதை மாற்றக் கிளைக்கு வந்தாக வேண்டும். சுற்றிச் சுற்றி அதே கதவு.

"உள்ளே இருந்து வேலை பாருங்கள்" என்பது சரிதான், ஆனால் உள்ளே குறைந்தபட்சம் எத்தனை பேர்? ஒருவர் பதிவு செய்ததை இன்னொருவர் சரிபார்த்து அனுமதித்தால்தான் பல பரிவர்த்தனைகள் நகரும். பணம் வைக்கும் ஸ்ட்ராங்ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். ஒருவர் மட்டும் வந்தால் இரும்புக்கதவு திறக்காது. கேஷியர், சாவி வைத்திருக்கும் அதிகாரி, இன்னொரு கிளார்க், வாசலில் ஒருவர். அதற்குக் கீழே போனால் அது கிளை இல்லை, பூட்டிய அறை.

மினிபேங்க் முத்து எழுதியது:

கூட்டம் ஏன் வந்தது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் திறப்பதா மூடுவதா என்று பேசுவதில் பயனில்லை. 2020 ஏப்ரலில் கூட்டத்தைக் கூட்டியது கிளை அல்ல, தேதி. சுமார் 20 கோடிப் பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்கு. அதை ஒரே நாளில் வரவு வைக்கவில்லை என்பதுதான் அரசு செய்த நல்ல காரியம். கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0, 1 என்றால் ஏப்ரல் 3. 2, 3 என்றால் 4ஆம் தேதி. 4, 5க்கு 7. 6, 7க்கு 8. 8, 9க்கு 9ஆம் தேதி. அதற்குப் பிறகு எந்த நாளிலும் எடுக்கலாம்.

திட்டம் நல்லது. ஆனால் ஏட்டில் இருந்தது வாசலுக்கு வரவில்லை. "உடனே எடுக்காவிட்டால் அரசு திருப்பி எடுத்துக்கொள்ளும்" என்று ஒரு வதந்தி பரவி, அப்படியெல்லாம் இல்லை என்று அரசே மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசி இலக்கம் எது என்று கேட்டால் பாஸ்புக்கை நீட்டுவார்கள். அதில் கணக்கு எண், சிஐஎஃப் எண் (வாடிக்கையாளர் எண்), கிளைக் குறியீடு என்று மூன்று எண் இருக்கும். எது கணக்கு எண் என்று வாசலில் நின்று ஒருவர் பார்த்துச் சொன்னாலே வரிசையில் ஒரு பகுதி கலைந்துவிடும். அந்த ஒருவரைப் பல கிளைகளில் போடவில்லை.

அடுத்தது, வரிசையில் நிற்கும் எல்லோரும் பணம் எடுக்க வந்தவர்கள் அல்ல. "காசு ஏறிடுச்சா" என்று தெரிந்துகொள்ள பாஸ்புக் என்ட்ரி போட வந்தவர்கள் கணிசம். மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்எம்எஸ்ஸில் வரும் வசதி பெரும்பாலான பேங்குகளில் உண்டு. அந்த நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும். கிளைக் கதவில் ஒட்டுவதில் அர்த்தமில்லை, அங்கே வந்து படிப்பதற்குள் கூட்டம் கூடிவிடும்.

ஆதார் வழியாக வரும் பணத்தில் இன்னொரு குழப்பம். மூன்று பேங்கில் கணக்கு இருந்தால், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். ஆளோ பழைய கிளையில் போய் நிற்பார். அங்கே இல்லை என்றால் அடுத்த பேங்க், பிறகு அதற்கடுத்தது. ஒரே ஆள் மூன்று வரிசையில்.

இதற்கெல்லாம் வடிகால் பேங்க் முகவரும் தபால்காரரும்தான். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையில் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம், எந்த பேங்க் கணக்காக இருந்தாலும். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வழியாகத் தபால்காரர்கள் வீட்டுத் திண்ணையிலேயே கொடுத்தார்கள். இதிலும் கோளாறு உண்டு. சானிடைசர் போட்ட ஈரம் காயாமல் விரலை வைத்தால் ரேகை பிடிக்காது. தோல் வறண்ட விரலும் பிடிக்காது. சானிடைசர் போட்டு, முழுக்கக் காயவிட்டு, துணியில் துடைத்துவிட்டு வைக்கச் சொல்ல வேண்டும். கருவிக் கண்ணாடியை ஒவ்வொருவருக்கும் பிறகு துடைக்க வேண்டும், அதுவும் காய்ந்த பிறகே அடுத்த விரல். செங்கல் சூளை, கட்டட வேலைக்காரர்களுக்குக் கட்டைவிரல் ரேகை தேய்ந்திருக்கும். மோதிர விரலை வைத்துப் பார்ப்பது நல்லது. அதுவும் ஆகாவிட்டால் ஸ்லிப்தான். அந்த ஒருவருக்காகவாவது கிளை திறந்திருக்க வேண்டும்.

ஓட்டைக்காலணா எழுதியது:

மேலே இரண்டு பேரும் சொன்ன தேவை எல்லாம் உண்மை. ஆனால் "திறந்திரு" என்பதற்கும் "எல்லாரையும் உள்ளே விடு" என்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். பேங்க் ஊழியர் உயிர் என்ன கணக்கில் வராத செலவா?

பல கிளைகள் வாடகைக் கட்டடத்தில், கடைக்கு மேலே முதல் மாடியில். திருட்டுப் பயத்தில் ஜன்னலுக்கு கம்பி, அதற்கு மேல் கண்ணாடி, அதையும் திறக்க முடியாதபடி ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஏசி. ஏசி அறைக் காற்றையே சுழற்றும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. கவுன்ட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் தாள் தொங்கவிட்டது நேருக்கு நேர் தும்மலைத் தடுக்கும். காற்றில் மிதக்கும் நுண்துளிக்கு அது தடையே இல்லை, சில இடத்தில் காற்றோட்டத்தையும் சேர்த்துத் தடுத்தது.

செய்ய வேண்டியது வேறு. சர்வர், யுபிஎஸ் இருக்கும் சின்ன அறைக்கு மட்டும் ஏசி. ஹாலில் ஏசியை நிறுத்தி, கேஷ் கூண்டுக்குப் பின்சுவரில் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் கதவு திறந்து. கரியமில வாயு அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி மேனேஜர் மேசையில் வைக்கலாம். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் இருக்கும். உள்ளே 1,000ஐத் தாண்டினால் காற்று மாறவில்லை என்று அர்த்தம், ஆளைக் குறைக்க வேண்டும். "ஒரே நேரத்தில் ஐந்து பேர்" என்று எல்லாக் கிளைக்கும் ஒரே எண்ணைச் சொல்வதைவிட இது நியாயமான அளவுகோல்.

நோட்டு வழியாகப் பரவும் என்று பயந்து இஸ்திரிப் பெட்டி வைத்ததும் சானிடைசர் தெளித்ததும் வீண்வேலை. தெளித்த நோட்டில் மை கலங்கும், அப்புறம் நோட்டைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் மெஷின் அதைத் துப்பும். நிறுத்த வேண்டிய பழக்கம் ஒன்றே ஒன்று: எச்சில் தொட்டு நோட்டு எண்ணுவது. கேஷியருக்கு ஈரப் பஞ்சு டப்பா உண்டு, வாடிக்கையாளருக்கும் ஒன்று வைக்கலாமே. எண்ணி முடித்து மாஸ்க்கை இறக்கி, விரலை நாக்கில் தொட்டு மறுபடி எண்ணுபவரைப் பார்த்தபடிதான் வரிசை நகர்ந்தது.

என் கருத்து: தொற்று உச்சத்தில் இருக்கும் வாரங்களில் வாடிக்கையாளர் உள்ளே வரக் கூடாது. பணம், ஸ்லிப் எல்லாம் வாசல் ஜன்னலில். காசோலைக்கு வெளியே பெட்டி. நேரத்தையும் குறைக்க வேண்டும். 2021 ஏப்ரலில் இந்திய வங்கிகள் சங்கம் காலை 10 முதல் 2 வரை என்று பரிந்துரைத்ததே, அது சரி.

கல்லாப்பெட்டி எழுதியது:

தோழர், காற்று விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். நேரத்தைக் குறைத்ததில் இல்லை. ஸ்லிப்பில் பணம் எடுக்க ஒருவருக்கு 4 நிமிடம் என்று வையுங்கள்: டோக்கன், கையெழுத்து ஒப்பீடு, பதிவு, அனுமதி, எண்ணிக் கொடுப்பது. 10 முதல் 2 வரை 240 நிமிடம், ஒரு கவுன்ட்டரில் 60 பேர். 10 முதல் 4 வரை, சாப்பாட்டு நேரம் அரை மணி போக, 330 நிமிடம், 82 பேர். வரப்போகிறவர்கள் எண்பது பேர் என்றால் நேரத்தைக் குறைத்ததால் யாரும் வீட்டில் இருக்கப் போவதில்லை. இருபது பேர் நாளைக்கும் வருவார்கள், அதுவும் காலை 8 மணிக்கே வந்து ஷட்டருக்கு முன்னால் முண்டியடிப்பார்கள். 2020 ஏப்ரல் 15 உள்துறை அமைச்சக உத்தரவில், உதவித்தொகை கொடுத்து முடியும்வரை வழக்கமான நேரம் கிளைகள் இயங்கலாம், கூட்டத்தை ஒழுங்குபடுத்த உள்ளூர் நிர்வாகம் காவலர் போட வேண்டும் என்றுதான் இருந்தது. அடுத்த வருடம் அந்தப் பாடம் மறந்துபோனது.

ஊழியருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் நேரத்தை வெட்டாமல் ஆளைப் பிரியுங்கள். ஏ அணி, பி அணி. ஒரு வாரம் இவர்கள், அடுத்த வாரம் அவர்கள், நடுவில் சந்திப்பே கூடாது.

உரைகல் எழுதியது:

யாரும் நகைக்கடனைத் தொடவில்லையே. தமிழ்நாட்டுக் கிளையில் பாதி நாள் அதில்தான் போகும். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் பேங்க், விவசாயம் அல்லாத நகைக்கடனுக்கு மதிப்பில் 75 சதம் என்றிருந்த வரம்பை 90 ஆக்கியது, 2021 மார்ச் 31 வரை. வருமானம் போனவர்களுக்கு அது பெரிய கைகொடுப்பு. ஆனால் நெஃப்டில் நகையை அனுப்ப முடியாது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டு, கல் எடையைக் கழித்து, அடகு வைப்பவர் கண் முன்னால் எடை போட்டு, பையில் சீல் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று பேர் ஒரு மேசையில், கைக்கெட்டும் தூரத்தில், அரை மணிக்குக் குறையாமல். பெரும்பாலான மதிப்பீட்டாளர்கள் பேங்கின் நிரந்தர ஊழியர்களும் அல்ல, கமிஷனுக்கு வருபவர்கள். கிளை மூடினால் அவருக்கு அன்று வருமானம் இல்லை, திறந்தால் எல்லாரையும்விட அதிக நேரம் முகத்துக்கு முகம் உட்கார்பவர் அவர். அவருக்கு வாசல் திண்ணையில், கேமரா பார்வைக்குள், தனி மேசை. போனில் நேரம் குறித்துத்தான் நகைக்கடன். புதுக்கடனும் திருப்புவதும் வெவ்வேறு நாளில்.

2021 ஏப்ரலில் அதே வங்கிகள் சங்கம் சொன்னபடி "நாலு சேவை மட்டும்" என்று பட்டியல் போடுவதிலும் கவனம் வேண்டும். பணம் போடுவது, எடுப்பது, அனுப்புவது, அரசுப் பரிவர்த்தனை என்று நிறுத்தினால் இறந்தவர் கணக்கை நாமினிக்குத் தருவது எதில் வரும்? அப்போது 330 ரூபாய் பிரீமியத்துக்கு 2 லட்சம் தந்த ஜீவன்ஜோதி காப்பீட்டுத் தொகையைக் கேட்கும் விண்ணப்பமும் கிளை வழியாகத்தான் போகும். 2021 மே மாதத்தில் அந்த ரெண்டுக்கும்தான் வீடுகளில் அவசரம்.

வடக்குவீதி கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. பூட்டினால் என்ன என்று கேட்டது தப்புக் கேள்வி என்று புரிகிறது. ஒன்று மட்டும்: அணி பிரித்தாலும், சாவி வைத்திருக்கும் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தால்?

கல்லாப்பெட்டி எழுதியது:

அதனால்தான் இரண்டு சாவிக்காரர்கள் ஒரே அணி, அவர்களுக்கு மாற்று இருவர் மறு அணி என்று நாலு பேரை முன்கூட்டியே எழுத்தில் நியமிக்க வேண்டும். வாரக் கடைசியில் கேஷை எண்ணிச் சரிபார்த்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு சாவி கைமாறும். அந்தக் கைமாறுதலில்தான் இரண்டு அணியும் சந்தித்துத் தொலைக்கும். அதை வெளி வராந்தாவில், ஒருவர் பின் ஒருவராக, பத்து நிமிடத்தில் முடிக்கலாம். எண்ணுவது மட்டும் உள்ளே, மாஸ்க்குடன், ஃபேன் ஓட.

நாலு பேரும் படுத்துவிட்டால் மாற்றுச் சாவி இருக்கிறது, ஆனால் அந்தக் கிளையில் இருக்காது. சீல் வைத்த உறையில் வேறொரு கிளையின் பெட்டகத்தில் கிடக்கும். அதை எடுக்க வட்டார அலுவலக அனுமதி, இரண்டு அதிகாரிகள், ஒரு வண்டி, ஊரடங்கில் அந்த வண்டிக்கு ஒரு பாஸ். அந்த இன்னொரு கிளையையும் அன்று பூட்டியிருந்தால் உறை அங்கேயே இருக்கும். பக்கத்துக் கிளைகள் இரண்டும் ஒரே நாளில் மூடாதபடி பட்டியல் போடச் சொல்வது இதற்காகத்தான்.