உதவி தேவை: வேகவைத்துக் காயவைத்த மீல்வார்மில் புளித்த வாடை

கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். பின்கட்டில் தட்டுகளில் மீல்வார்ம் (ஒரு வகை வண்டின் புழு) வளர்க்கிறேன். தீனி கோதுமைத் தவிடு, ஈரத்துக்கு கேரட். இதுவரை நாட்டுக்கோழிக்குத்தான் போட்டேன்; இனி பொடித்து நாங்களும் சாப்பிடலாம் என்று ஆசை. கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து முற்றத்தில் காயவைக்கிறேன், மூடுபனி இறங்கினால் உள்ளே எடுத்துவிடுவேன். ஆனாலும் டப்பாவில் அடைத்த சில நாளில் பிசுபிசுத்துப் புளித்த வாடை வருகிறது. கொதிக்க வைத்த பிறகும் கிருமி எப்படி?

ஊட்டியிலிருந்து:
புழுவைக் குடலோடுதானே சாப்பிடுகிறோம், அதிலிருப்பதும் கூடவே வரும். கொதிநீரில் சால்மோனெல்லா போன்றவை செத்துவிடும். பேசிலஸ் சீரியஸின் வித்துகள் (சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் நிலை) சாகாது. வெளியில் கிடந்த சோறு வாந்தி எடுக்க வைக்கிறதே, அதே பாக்டீரியாதான். மண்ணிலும் தவிட்டிலும் உண்டு. அதோடு நம் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஊட்டியில் 92-93, உங்களிடம் 94 இருக்கும். பனியில் பாதி காய்ந்து கிடக்கும் நேரத்தில் தப்பிய வித்துகள் முளைத்துப் பெருகும். அது விடும் ஒரு வகை நஞ்சு வறுத்தாலும் போகாது.

கோத்தகிரி:
ஐயோ. அந்த டப்பாவைக் கோழிக்காவது போடலாமா அண்ணா?

ஊட்டி:
வேண்டாம் தம்பி, பூஞ்சை நஞ்சு சேர்ந்திருந்தால் கோழிக்கும் ஆகாது. புதைத்துவிடுங்கள். அடுத்த முறை பிரஷர் குக்கரில் வையுங்கள். இந்த உயரத்திலும் உள்ளே 115 டிகிரி வரை ஏறும். பிறகு வெயிலை நம்பாமல் ஓவனில் 70-80 டிகிரியில் உடனே உலர்த்துங்கள். ஒன்றை எடுத்து நசுக்கினால் பொடியாக வேண்டும். வளைந்தால் நடுவில் ஈரம் இருக்கிறது. ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள், சூடாக மூடினால் மூடியில் வியர்த்து அந்த ஈரமே கெடுக்கும்.

கொடைக்கானலிலிருந்து:
கேரட்டைத் தூக்கிப் பாருங்கள் தம்பி. அடியில் தவிடு கட்டியாகிக் கறுத்திருந்தால் கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது. நன்றாகக் கழுவி, ஈரம் துடைத்துப் போடுங்கள், மீந்ததை மறுநாள் விடாமல் எடுத்துவிடுங்கள். புழுவை எடுப்பதற்கு முன் ஒரு நாள் பட்டினி போட்டால் குடல் காலியாகும், ஆனால் கிருமி பெரிதாகக் குறையாது. இன்னொன்று, இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தரவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் உலர்ந்த மீல்வார்மை அனுமதித்தபோது இந்த எச்சரிக்கையை லேபிளில் கட்டாயமாக்கியது.

கோத்தகிரி:
நல்லவேளை சொன்னீர்கள் அக்கா, அம்மாவுக்கு இறால் ஆகாது. குக்கரில் தண்ணீரோடு போடவா, ஆவியிலா?

ஊட்டி:
ஆவியில். தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். ஆவி நன்றாகப் பீறிட்ட பிறகே வெயிட் போட்டு, 20 நிமிடம் விடுங்கள்.