செப்டம்பர் 1ல ஸ்கூல்ல பெரிய கிளாஸ் மட்டும் தொறக்கறாங்க, சின்னதுங்கள என்ன பண்றது?

ஓவர்லாக்_அக்கா (திருப்பூர்), ஆகஸ்ட் 23, 2021

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீட்டமா எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

நான் பனியன் கம்பெனில ஓவர்லாக் தையல் மிசின் ஓட்டறேன், வீட்டுக்காரரு துணிக்குச் சாயம் போடற டையிங்ல. ஜூலை 5ல கொரோனா ஊரடங்குல எல்லா மாவட்டத்துக்கும் ஒரே மாதிரி தளர்வுன்னு சொன்னாங்கல்ல, அதுல இருந்து ரெண்டு பேருக்கும் வேலை ஓடிட்டு இருக்குது. ஆர்டர் தேங்கிக் கெடக்குதுன்னு ஒன்றரை ஷிஃப்ட், காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய வர்றது. பொண்ணு ஒம்பதாவது, பையன் நாலாவது, ரெண்டும் கவர்மெண்ட் ஸ்கூலுங்க. இந்த ஒன்றரை வருசமா பையனப் பாத்துக்கறதே அவதான், சோறு போடறது, கல்வித் தொலைக்காட்சி முன்னாடி புடிச்சு உக்கார வெக்கறது, வீதில கிரிக்கெட் ஆடப் போனா இழுத்துட்டு வர்றது எல்லாம்.

இப்ப ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் தொறக்கறாங்க, அவ போயிட்டா இவன் தனியா. என்ற மாமியார் இருக்காங்க, 68 வயசு, சுகர் வேற. கொரோனா ஊசி போட்டா படுத்துருவேன்னு யாரோ சொன்னத வெச்சுட்டு இன்னும் ஒரு ஊசி கூடப் போடல. அவங்களால இவன் பின்னாடி ஓட முடியாதுங்க. அதவிட பயம், பொண்ணு ஸ்கூல்ல இருந்து எதையாச்சும் கொண்டு வந்து அவங்களுக்கு ஒட்டி விட்டுட்டா?

ஆனா ஒண்ணு கேக்கறேன். கம்பெனி தொறந்தாச்சு, டாஸ்மாக் எப்பவோ தொறந்தாச்சு, தியேட்டர் இன்னைக்குல இருந்து பாதி சீட்டோட ஓடுது. நாலாவது படிக்கற பையன் மட்டும் கடைசில கடைசியா? ஸ்கூலுக்கு வரச்சொல்லி கட்டாயம் கிடையாதுன்னும் சொல்றாங்க. பொண்ண அனுப்பறதா, இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் பாக்கறதா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

மேகமூட்டம்

அனுப்பாதீங்க சிஸ்டர். மூணாவது அலை வரும்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க ஐ.டி. கம்பெனிலயே ஆபீஸ் தொறக்கறத தள்ளிப் போட்டுட்டாங்க, அவ்ளோ பெரிய கம்பெனியே யோசிக்கும்போது நாம ஏன் அவசரப்படணும். ஒரு வருஷப் படிப்பு போனா போகட்டும், உசுரு முக்கியம்.

மஞ்சவேன்

ஐ.டி. சார், ஏசி ரூம்ல லேப்டாப்போட உக்காந்துகிட்டு அடுத்தவன வீட்ல இருன்னு சொல்றது ரொம்ப சுலபம். நான் ஸ்கூல் வேன் ஓட்டுனவன். 2020 மார்ச்ல நிறுத்துன வண்டி. வண்டி லோன் டியூ கட்ட ஆறு மாசம் டைம் குடுத்தாங்க, அது அந்த ஆகஸ்ட்டோட முடிஞ்சது, வட்டி மட்டும் முடியல. இப்ப அதே வேன்ல சீட்டக் கழட்டிட்டு தக்காளி வெங்காயம் விக்கிறேன். "பள்ளி வாகனம்"னு எழுதுனது அப்படியே இருக்கு, தெருப் பசங்க பாத்துட்டு அண்ணா ஸ்கூல் எப்பன்னு கேக்குதுங்க. எனக்கு மட்டும் என்ன தெரியும்.

சாக்பீஸ்

அக்கா, நான் விழுப்புரம் பக்கம் அரசு நடுநிலைப்பள்ளில டீச்சர். எனக்கு இதுல சொந்தக் கோவம் இருக்கு, அதனால கொஞ்சம் காட்டமா வந்தா மன்னிச்சுக்கோங்க.

2020ல ஒண்ணாவது சேந்த பசங்க இப்ப ரெண்டாவது. இது வரைக்கும் ஒரு நாள் கூட கிளாஸ்ல உக்காந்தது கிடையாது. இப்ப மூணாவதுல இருக்கறதுங்க ஒண்ணாவதையே முழுசா முடிக்கல, மார்ச்சோட மூடிட்டோம். சத்துணவுக்கு பதிலா அரிசி பருப்பு குடுக்கறோம் இல்ல, அத வாங்க அம்மாங்க கூட வரும்போதுதான் பசங்க மூஞ்சியவே பாக்கறேன். போன மாசம் ஒரு பையன எந்த கிளாஸ்டா நீன்னு கேட்டேன், அவனுக்குத் தெரியல, அம்மாவத் திரும்பிப் பாத்தான், அந்தம்மாவும் ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. ஆன்லைன் கிளாஸ் பத்தி பேசவே வேணாம், வீட்ல ஒரே போன், அது காலைல அப்பா பாக்கெட்ல ஏறி கொத்து வேலைக்குப் போயிடும். எட்டாவது முடிச்ச ரெண்டு பையனுங்க அந்த கொத்து வேலைக்கே போயிட்டானுங்க, கையில காசு பாத்தவன இனிமே பெஞ்சுல உக்கார வெக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

பெரிய கிளாஸ மொதல்ல தொறக்கறதுக்கு காரணம் பப்ளிக் எக்ஸாம், வேற ஒண்ணும் இல்ல. பன்னெண்டாவது பையன் எப்படியோ புக்க வெச்சு தானாப் படிச்சுக்குவான். ஆறு வயசுப் புள்ளைக்கு எழுத்து யாராவது கையப் புடிச்சு சொல்லித் தந்தாத்தான் வரும். மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐ.சி.எம்.ஆர். தலைவர் பல்ராம் பார்கவாவே ஜூலை 20ந் தேதி சொன்னாரு, தொறக்கறதா இருந்தா தொடக்கப் பள்ளிய மொதல்ல தொறக்கலாம், சின்னப் புள்ளைங்க இந்தக் கிருமிய பெரியவங்கள விட நல்லாவே சமாளிக்குதுங்கன்னு. டென்மார்க்ல 2020 ஏப்ரல் 15லயே சின்னப் பசங்களத்தான் மொதல்ல கூப்பிட்டாங்க, அப்பா அம்மா வேலைக்குப் போகணும்னா புள்ளைய யாராவது பாக்கணும் இல்லன்னு. உங்க வீட்டுப் பிரச்சினைதான் அங்கயும். இங்க மட்டும் தலைகீழா.

பொண்ண கண்டிப்பா அனுப்புங்க. ஒம்பதாவது பொண்ணு வீட்லயே தம்பியப் பாத்துட்டு கெடந்தா அடுத்து என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, எங்க ஊர்ல பத்திரிகை அடிச்சு மஞ்சள் தடவி கொண்டாந்து குடுத்தாங்க.

தெற்குவாசல்

டீச்சர், டென்மார்க்ல ஒரு கிளாஸ்ல எத்தன பேரு, உங்க ஸ்கூல்ல எத்தன பேருன்னும் சேத்து சொல்லிருக்கலாம்.

நான் சென்னை. மே மாசம் அண்ணன பறிகொடுத்தேன், 42 வயசு. ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ்லயே ஆறு மணி நேரம் காத்துட்டு இருந்தோம், அதுக்கு மேல அந்த நாளப் பத்தி எழுத முடியல. மே 21ந் தேதி தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,184 பேருக்கு கொரோனான்னு டிவில போட்டான், இப்ப ரெண்டாயிரத்துக்குள்ள வந்துருச்சு, சந்தோஷம். ஆனா இதே மாதிரி கம்மியாதான் ஜனவரிலயும் இருந்துச்சு. ஜனவரி 19 பத்தாவது பன்னெண்டாவது தொறந்தாங்க, பிப்ரவரி 8 ஒம்பதாவது பதினொண்ணாவது. மார்ச்ல தஞ்சாவூர் பக்கம் ஒவ்வொரு ஸ்கூலா கொத்துக் கொத்தா வந்துச்சு, 22ந் தேதி பன்னெண்டாவது தவிர திரும்ப மூடிட்டாங்க.

ஸ்கூலாலதான் அலை வந்துச்சுன்னு நான் சொல்லல. எலக்‌ஷன் கூட்டம் எப்படி இருந்துச்சுன்னு எல்லாருமே பாத்தோம். ஏப்ரல் 6 ஓட்டுப் போட்டோம், முழு ஊரடங்கு வந்தது மே 10. தொறக்கறதுக்கு இருக்கற அவசரம் மூடறதுக்கு ஒரு நாளும் இருந்ததில்ல, என் பயம் அதுதான். எந்த மாவட்டத்துல எவ்ளோ கேஸ் ஏறினா அந்த மாவட்டத்துல ஸ்கூல மூடுவோம்னு ஒரு கணக்க முன்னாடியே சொல்லட்டும், நானே என் அண்ணன் பொண்ண கூட்டிட்டுப் போய் விடறேன். எட்டு வயசு அது. அப்பா இல்லாத புள்ள, அவங்கம்மாவுக்கும் எதாவது ஆயிட்டா யாரு பாப்பா?

சாக்பீஸ்

மன்னிச்சுக்கோங்கம்மா, தெரியாம காட்டமாப் பேசிட்டேன். எங்க கிளாஸ்ல 38 பேரு. எப்ப மூடுவோம்னு முன்னாடியே சொல்லணும்னீங்களே, அது நியாயம்தான், நானும் அத யோசிக்கல. தொறக்கணுமான்னே அடிச்சுக்கறோம், மூடறத பத்தி யாரும் பேசறதில்ல.

மேகமூட்டம்

நான் உசுரு முக்கியம்னு சொன்னதுல தப்பு இல்லயே. எதுக்கு எல்லாரும் என்னையவே திட்றீங்க.

மஞ்சவேன்

யாரும் திட்டல சார். கிலோ கணக்குல தக்காளி வேணும்னா சொல்லுங்க.

பி.எச்.சி._நர்சக்கா (மதுரை)

ஆரம்ப சுகாதார நிலையத்துல டூட்டி முடிஞ்சு இப்பத்தான் பாக்குறேன். ஓவர்லாக் அக்கா, யாரும் உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லல, அதனால எழுதுறேன்.

உங்க மாமியாருக்கு ஆபத்து உங்க பொண்ணால இல்லக்கா, உங்களாலயும் உங்க வீட்டுக்காரராலயும்தான். கோவப்படாதீங்க. பன்னெண்டு மணி நேரம் ஒரே ஹால்ல அத்தன பேரோட உக்காந்துட்டு, போகும்போதும் வரும்போதும் டவுன் பஸ்ல நெருக்கியடிச்சு வர்றீங்க. கொரோனா உங்க வீட்டுக்கு வரணும்னா அதுக்கு வழி ஜூலைலயே தொறந்தாச்சு, செப்டம்பர் வரைக்கும் காத்துட்டு இருக்காது. ஜூன் ஜூலைல ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பாத்தாங்கல்ல, அதுல 6ல இருந்து 9 வயசுப் பிள்ளைகள்ல 57.2 சதவீதத்துக்கு நோய் எதிர்ப்பு இருந்துச்சு. இவங்களுக்கு ஊசியே கிடையாது. அப்ப ஸ்கூல மூடி வெச்சும் பாதிக்கு மேல பிள்ளைகளுக்கு வந்துட்டுப் போயிருக்கு, பெரியவங்க கொண்டு வந்து குடுத்ததுதான்.

அதனால மொத வேலை மாமியாருக்கு ஊசி. சுகர் இருக்குறவங்க போடக்கூடாதுன்னு இல்ல, அவங்கதான் முந்திப் போடணும். ஒரு நாள் ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், உடம்பு வலிக்கும், பாராசிட்டமால் போதும். கோவிஷீல்டுன்னா அடுத்தது 84 நாள் கழிச்சு, கோவாக்சின்னா 28 நாள். நீங்க ரெண்டு பேரும் போட்டாச்சா, அதச் சொல்லவே இல்லயே?

பொண்ண அனுப்புங்க. மத்தியானச் சோறு மட்டும் கூடி உக்காந்து திங்க வேணாம்னு சொல்லி விடுங்க, மாஸ்க் கழட்டுற நேரம் அதுதான். சானிடைசர் அடிக்கிறாங்களான்னு கேக்கறத விட கிளாஸ் ஜன்னல் தொறந்து இருக்கான்னு ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வாங்க.

ஓவர்லாக்_அக்கா, ஆகஸ்ட் 29

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, லேட்டாயிருச்சு. நர்சக்கா சொன்னதப் படிச்சுட்டு ரெண்டு நாள் என்னமோ மாதிரி இருந்துச்சு. நெசந்தானுங்க, நாங்க ஹால்ல முன்னூறு பேருக்கு மேல இருக்கறோம், மாஸ்க் எல்லாம் தாடைலதான், மிசின் சத்தத்துல பேசுனா கேக்காதுன்னு இறக்கி விட்டுக்கறது. நான் ஒரு ஊசி கம்பெனி கேம்ப்ல போட்டுட்டேன், வீட்டுக்காரரு போடல. மாமியார் கிட்ட உங்க மகனும் சேந்து போட்டுக்கறாருன்னு சொன்னேன், அவரு பயப்படாமப் போட்டுக்கோணுமேன்னு கூடக் கெளம்புனாங்க. விடியக்காலைல நாலு மணிக்குப் போய் நின்னு டோக்கன் வாங்குனோம். காய்ச்சல் அவருக்குத்தான் வந்துச்சு, மாமியார் மறுநாளே ஆட்டுக்கல்லுல மாவாட்டறாங்க.

பொண்ணுக்கு பாதிப் பாதிப் பேரா சுழற்சில வரச் சொல்லுவாங்களாம், அவளுக்கு ஸ்கூல் இருக்கற அன்னைக்கு நான் ஒத்த ஷிஃப்ட்டோட வந்தர்றேன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டிருக்கறேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டாரு, ஆனா வேண்டாம்னு சொல்லல. மத்தியானம் வரைக்கும் பையன பக்கத்து வீட்டு அக்கா பாக்கறேன்னாங்க. சென்னை தங்கச்சி, உங்க அண்ணன் பொண்ணுக்கும் உங்களுக்கும் மனசு தேறி வரோணும்னு வேண்டிக்கறேன்.

நேத்து அவ யூனிபார்ம எடுத்துப் போட்டுப் பாத்தா, கால் முட்டிக்கு மேல ஏறிப் போயிருக்குது, பொண்ணு அத்தன வளந்துட்டா. அடில ரெண்டு இஞ்ச் மடிச்சு தெச்சிருக்குது, அத பிரிச்சு விட்டாப் பத்துமாட்ட இருக்குதுங்க.