புத்தகத்தில் 19, வண்டியில் 18: பழைய புல்லட்டுக்கு டயர் வாங்கிய அனுபவம்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டயர் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு இரண்டு வார அலைச்சல் ஆன விஷயம்.

வண்டி 1978 புல்லட் 350, பெரியப்பாவுடையது. பல வருஷம் மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்றதை நான் எடுத்து, எஞ்சின் வேலை, பிரேக் வேலை எல்லாம் முடித்து, கடைசியில் டயருக்கு வந்தேன். இரண்டு டயரும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டு, எழுத்தே படிக்க முடியாத நிலை. சரி, கம்பெனி கையேடு இருக்கிறதே என்று அதைப் பார்த்தேன். முன்னும் பின்னும் 3.25-19. சென்னை ஜிபி ரோட்டுக்குப் போய் அதே அளவில் இரண்டு வாங்கிவந்தேன்.

முன் டயர் அரை மணியில் ஏறிவிட்டது. பின் சக்கரத்துக்குப் பஞ்சர் கடைக்காரர் லீவரை எடுக்கவே இல்லை, கையால் ஒரு அழுத்து, டயர் சொத்தென்று ரிம்முக்குள் விழுந்தது. புல்லட் டயர் அப்படி ஏறவே ஏறாது. அவர் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் விரலை விட்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இந்த ரிம்முக்கு உண்டான டயர் இல்ல" என்றார். மண்ணெண்ணெய் துணியால் வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் துருவைத் தேய்க்கத் தேய்க்க எழுத்து தெரிந்தது: டபிள்யூஎம் 3, அதன் பக்கத்தில் 18.

பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "ஆமாடா, திண்டிவனம் தாண்டி ஒரு பள்ளத்துல விட்டு பின் ரிம்மு நசுங்கிப்போச்சு. அன்னைக்குக் கிடைச்ச ரிம்ம போட்டுக் குடுத்தாங்க, நானும் அப்படியே ஓட்டிட்டேன்" என்றார்.

இத்தனை வருஷம் ஒருவருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. கழற்றிய டயரைக் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது 110/90-18 என்று படிக்க முடிந்தது. 3.25-19 என்றால் அகலம் மூன்றேகால் அங்குலம், அதாவது 82, 83 மில்லிமீட்டர். இந்தப் பழைய அளவுகளில் டயரின் உயரமும் கிட்டத்தட்ட அகலம் அளவுக்கே இருக்கும். 19 அங்குல ரிம்மோடு கூட்டினால் மொத்த விட்டம் ஏறக்குறைய 648 மி.மீ. 110/90-18-இல் அகலம் 110 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம், 99 மி.மீ.; 18 அங்குல ரிம்மோடு கூட்டினால் 655. ரிம் ஒரு அங்குலம் சின்னது, டயர் அதற்கு மேல் குண்டு, ஆக வண்டி நிற்கிற உயரம் மாறவே இல்லை. பின் டயர் தடிமனாகத்தான் தெரிந்தது, புல்லட்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அதனால் கையேட்டையும் பாருங்கள், பழைய டயரையும் பாருங்கள், ஆனால் ரிம்மில் அடித்திருக்கும் எண்ணைப் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். நாற்பது வருஷத்தில் வண்டிக்கு என்னென்ன நடந்தது என்பது கையேட்டுக்குத் தெரியாது.

அப்புறம் அந்த 'டபிள்யூஎம்' எண். அது ரிம்மின் அகலம். 1 என்றால் 1.60 அங்குலம், 2 என்றால் 1.85, 3 என்றால் 2.15. விட்டம் பொருந்தினால் போதும் என்று கடையில் சொல்வார்கள், போதாது, அகலமும் பொருந்த வேண்டும்.

18-க்கே ஒரு டயர் வாங்கிப் போட்டிருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். எனக்கு மனசு வரவில்லை, வண்டி பழையபடி இருக்க வேண்டும் என்று தோன்றியது. 40 ஓட்டை போட்ட 19 அங்குல ரிம் ஒன்று, டபிள்யூஎம் 2, புது ஸ்போக் செட் (18-இன் ஸ்போக் நீளம் ஒத்துவராது), வீல் கட்டி பெண்டு எடுக்கும் கூலி. கடையில் திருப்பி எடுக்க மறுத்த அதே டயர் இப்போது அதில்தான் ஓடுகிறது. ஸ்போக் ரிம் என்பதால் ட்யூபும் ரிம் டேப்பும் புதிதாகவே போட்டேன்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

அண்ணா, அகலம் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. என்னிடம் ராஜ்தூத் 350 இருக்கிறது. கம்பெனி அளவு முன்னால் 3.00-18, பின்னால் 3.50-18. பார்க்க நன்றாக இருக்கும் என்று பின்னால் 120/80-18 போட்டேன். ரிம் 1.85தான், டயர் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்த மாதிரி ஆகி நடுவில் கூம்பிக்கொண்டது. நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஏற்காடு மலையில் கொண்டை ஊசி வளைவில் சாய்த்தால் ஒரு அளவுக்கு மேல் வண்டி தானாகவே 'சடக்'கென்று விழுகிற மாதிரி போகும், இரண்டாவது வளைவிலேயே நெஞ்சு அடைத்துவிட்டது. சீக்கிரமே நடுப்பகுதி மட்டும் வழவழவென்று தேய்ந்தது. இப்போது 3.50-18-க்கே திரும்பிவிட்டேன், வண்டி பழையபடி கையோடு வளைகிறது.

* * *

ரொம்பப் பழைய பிரிட்டிஷ் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாமாவின் 1930-களின் பிஎஸ்ஏவுக்கு ஒரு தாளில் 26 × 3.25 என்று குறித்துவைத்திருந்தார், நான் 26 அங்குல ரிம் என்று நினைத்து மாதக்கணக்கில் தேடினேன். அந்தக் காலத்துக் கணக்கில் 26 என்பது டயரோடு சேர்த்த மொத்த விட்டம். 19-உடன் இரண்டு பக்கமும் 3.25 சேர்த்தால் 25.5 வருகிறது இல்லையா, அதைத்தான் 26 என்று எழுதினார்கள். அது நம்ம 3.25-19தான்! இன்னொன்று, விற்காமல் கிடந்த பழைய சரக்கைத் தலையில் கட்டுவார்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், 1809 என்றால் 2009-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் செய்தது. என்னிடம் காட்டிய டயரில் நகமே இறங்கவில்லை, கட்டை மாதிரி இருந்தது.

* * *

அண்ணா, கழற்றிய 18 ரிம்மை என்ன செய்தீர்கள்?

* * *

துரு எடுத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன் தம்பி, கோணல் எதுவும் இல்லை. 40 ஓட்டை ஹப் உங்களிடம் இருந்தால் தாம்பரம் பக்கம் வரும்போது எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம்.