சீட்டுக்கேற்ற பிரிண்டர் வைக்கும் லாகின் ஸ்கிரிப்ட், தின் கிளையண்டில் ஓட மாட்டேன் என்கிறது

பனியன்கம்பெனி அக்கவுண்ட்ஸ், திருப்பூர்

வணக்கமுங்க. நான் கணக்குப் பார்க்க வந்தவள். கம்ப்யூட்டரும் என் தலையில்தான். எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங், செக்கிங், பேக்கிங் எல்லாவற்றிலும் முன்பு தனித்தனி பிசி இருந்தது. பஞ்சுத் தூசியில் ஹார்டு டிஸ்க் போய்க்கொண்டே இருந்ததால் முதலாளி தின் கிளையண்டுக்கு மாற்றிவிட்டார், அதாவது மேஜைமேல் டிஸ்க் இல்லாத சின்னப் பெட்டி, வேலையெல்லாம் சர்வரில். டெபியன் லினக்ஸ் சர்வர், தின் கிளையண்டுகளை சர்வரிலிருந்து கிளப்பும் பழைய எல்டிஎஸ்பி 5, அதன் எல்டிஎம் லாகின் திரை.

பிசி காலத்து ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. லாகின் ஆனதும் மெஷின் பெயரைப் பார்த்து, ஒரு பட்டியலில் தேடி, அந்த சீட்டுக்கான (ஆள் உட்காரும் இடத்துக்கான) பிரிண்டரை டீஃபால்ட் ஆக்கும். பேக்கிங் என்றால் பார்கோடு ஸ்டிக்கர், கட்டிங் என்றால் லேசர். பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஆபீஸ் பிரிண்டர். சர்வரைப் போட்டுக் கொடுத்தவர் அதை, லாகின் ஆனதும் ஓட வேண்டிய ஃபைல்களுக்கான எக்ஸ்செஷன் டாட் டி ஃபோல்டரில் '99சீட் டாட் எஸ்எச்' என்ற பெயரில் வைத்திருக்கிறார். சர்வரில் கையால் ஓட்டினால் ஓடுகிறது. தின் கிளையண்டில் லாகின் பண்ணினால் சத்தமே இல்லை. எரர் கூட வருவதில்லை. எங்கே பார்ப்பது?

கரூர்த் தறி

பேசாமல் எல்லோருக்கும் ஒரு மினி பிசி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இந்தக் காலத்தில் போய் தின் கிளையண்ட்!

பல்லடம் ஈடிபி

கரூர்க்காரர் வாங்கித் தந்தால் சரி. அம்மணி, பெயரில் இருக்கும் புள்ளிதான் முதல் வில்லங்கம். லாகினில் செஷனை ஆரம்பிக்கும் டெபியனின் எக்ஸ்செஷன் ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரில் எழுத்து, எண், அடிக்கோடு, ஹைஃபன் மட்டும் உள்ள பெயர்களைத்தான் எடுக்கும். புள்ளி இருந்தால் வாயைத் திறக்காமல் தாண்டிப் போய்விடும், அதனால்தான் எரரும் இல்லை. ஷெல் லாகினுக்கான புரொஃபைல் டாட் டி ஃபோல்டரில் இதற்கு நேர் எதிர், அங்கே டாட் எஸ்எச் இல்லாமல் எடுக்காது. அந்தப் பழக்கத்தில் வைத்திருப்பார்.

இன்னொன்று, 99 வேண்டாம். செஷனைக் கிளப்பிவிடும் ஃபைலும் 99-இல்தான் ஆரம்பிக்கிறது. அகர வரிசையில் அதற்குப் பின்னால் வருவது எதுவும் ஓடாது. 60 என்று வையுங்கள்.

பனியன்கம்பெனி அக்கவுண்ட்ஸ்

'60சீட்' என்று மாற்றினேன். இப்போது யாருமே உள்ளே போக முடியவில்லை! பாஸ்வேர்டு போட்டால் திரை கறுத்துவிட்டு மறுபடி லாகின் பெட்டியே வந்து நிற்கிறது. பேக்கிங்கில் லோடு ஏற்ற வண்டி காத்திருக்கிறது. அவசரமுங்க.

பல்லடம் ஈடிபி

பதறாதீர்கள். சர்வரில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்தினால் கறுப்புத் திரை லாகின் வரும். அந்த வழியில் எக்ஸ்செஷன் குறுக்கே வராது. உள்ளே போய் ஃபைலை வேறு எங்காவது நகர்த்துங்கள், எல்லோரும் உள்ளே போய்விடலாம். வண்டியை அனுப்பிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

எக்ஸ்செஷன் உங்கள் ஃபைலைத் தனியாக ஓட்டுவதில்லை, தனக்குள்ளேயே இழுத்துப் படிக்கிறது. அது ஆரம்பத்திலேயே 'செட் மைனஸ் ஈ' போட்டிருப்பதால், நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் செஷன் மொத்தமாகப் படுத்துவிடும். உங்கள் ஸ்கிரிப்ட்டில் பட்டியலைத் தேடுவது கிரெப் தானே? தேடியது கிடைக்காவிட்டால் கிரெப் 1 என்று திருப்பும். எக்ஸ்செஷன் கணக்கில் அது தோல்வி. கையால் ஓட்டும்போது இந்தக் கெடுபிடி இல்லை, அதனால் ஆபீஸ் பிரிண்டரை வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக முடிந்திருக்கும்.

கிரெப்புக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் நிஜமான விஷயம். எல்டிஎம் உங்கள் பாஸ்வேர்டை வைத்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக சர்வருக்குள் போகிறது. செஷன் ஓடுவது சர்வரில், மேஜைமேல் தெரிவது அதன் படம் மட்டும். அங்கே நின்றுகொண்டு ஹோஸ்ட்நேம் (மெஷின் பெயர்) கேட்டால் எந்த சீட்டிலும் சர்வர் பெயர்தான் வரும். பிசி காலத்தில் சரியாக இருந்த ஸ்கிரிப்ட் இங்கே செல்லாது.

சீட்டைக் கண்டுபிடிக்க எல்டிஎஸ்பி_கிளையண்ட் என்ற என்விரான்மெண்ட் வேரியபிளைப் பாருங்கள். தின் கிளையண்ட்டின் ஐபி (நெட்வொர்க் முகவரி) அதில் இருக்கும். டெர்மினலில் எக்கோ போட்டால் தெரிந்துவிடும். ஐபி நாளுக்கு நாள் மாறாமல் இருக்க ஐபி கொடுக்கும் டிஎச்சிபியில், ஒவ்வொரு பெட்டியின் நெட்வொர்க் கார்டுக்கும் உரிய மேக் முகவரிக்கு ஏற்றபடி கட்டிவிடுங்கள். தேடும் வேலையைத் தனி ஸ்கிரிப்ட்டாக வைத்து, '60சீட்' ஃபைலிலிருந்து அதைக் கூப்பிடும் வரியின் கடைசியில் இரட்டைக் குழாய் போட்டு ட்ரூ என்று முடியுங்கள். அப்புறம் அது தோற்றாலும் லாகின் நிற்காது.

எது தப்பினாலும் ஹோம் ஃபோல்டரில் டாட் எக்ஸ்செஷன் எரர்ஸ் என்ற மறைந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். பாஷ் ஷெல்லுக்கு மட்டும் தெரிந்த இரட்டைச் சதுர அடைப்பு ஸ்கிரிப்ட்டில் இருந்தால் 'நாட் ஃபவுண்ட்' என்று அங்கே அழுதிருக்கும், ஏனென்றால் டெபியனில் இதைப் படிப்பது டாஷ் என்ற எளிமையான ஷெல்.

பனியன்கம்பெனி அக்கவுண்ட்ஸ்

வண்டி போயாச்சு. ஐபி வைத்து எழுதியதும் எல்லா சீட்டிலும் ஓடுகிறது, ரொம்ப நன்றிங்க. ஆனால் மத்தியானம் கட்டிங் சூப்பர்வைசர் பீஸ் ரேட் கணக்கை பிரிண்ட் கொடுக்க, அது பேக்கிங்கில் பார்கோடு ஸ்டிக்கர் ரோலில் துண்டு துண்டாக வந்து விழுந்திருக்கிறது. ஒரு ஸ்டிக்கருக்கு ஒன்றரை வரி. சூப்பர்வைசர்கள் எல்லோரும் ஒரே யூசர் பெயரில்தான் லாகின் பண்ணுகிறார்கள், அதனாலா?

பல்லடம் ஈடிபி

அதேதான். எல்பிஆப்ஷன்ஸ் கட்டளையில் டீஃபால்ட் வைக்கிறீர்கள். அது அந்த யூசரின் ஹோமில் ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். ஹோம் ஒன்றுதான், அதனால் கடைசியாக லாகின் பண்ணின சீட் எல்லோருக்கும் பிரிண்டரை மாற்றிவிடுகிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, ஏற்கெனவே எழுதி வைத்ததையும் ஹோமில், பிரிண்ட்டைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளின் டாட் கப்ஸ் ஃபோல்டரில் இருந்து அழித்துவிடுங்கள். '60சீட்' ஃபைலிலேயே பிரிண்டர் என்ற வேரியபிளில் பெயரை வைத்து எக்ஸ்போர்ட் செய்தால் போதும். கப்ஸ் அதைப் பார்க்கும், அந்தந்த செஷனோடு நின்றுவிடும். ஆளுக்கொரு யூசர் கொடுப்பது இன்னும் நல்லது, அதற்கு முதலாளி மனசு வைக்க வேண்டும்.

எல்டிஎஸ்பியை அப்கிரேடு பண்ணுகிறேன் என்று யாராவது வந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 2019-இல் அதை முழுசாகத் திருப்பி எழுதிவிட்டார்கள். புதியதில் எல்டிஎம் கிடையாது, செஷன் கிளையண்ட்டிலேயே ஓடும். அப்போது உங்கள் பழைய ஹோஸ்ட்நேம் ஸ்கிரிப்ட் மறுபடி சரியாகிவிடும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.