அறிவியல் ஆசிரியர் ஆகப் போகிறவர்களுக்கு ஆய்வு எதற்கு?

தோட்டத்துப்பிள்ளை:
என் தங்கை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அறிவியல் படிக்கிறாள். இந்தப் பருவம் முழுக்கச் செயலாய்வு, அதாவது தன் வகுப்பிலேயே ஒன்றை மாற்றிச் செய்து பார்த்து எழுதும் ஆய்வு; அதோடு கணிதம், வரலாறு எல்லாம் கலந்த ஒரு கூட்டுத் திட்டம். இங்கே மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த இதெல்லாம் தேவையா?

பழைய வாத்தியார்:
தேவையில்லை தம்பி. என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் கனத்த அறிக்கையோடு வந்தார்கள். தொடர் மின்சுற்றில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது ஏன் அணைகிறது என்று ஒரு பையன் கேட்டான். பதில் இல்லை. முதலில் பாடம் கைக்கு வரட்டும்.

பயிற்சி டீச்சர்:
அந்த அறிக்கைகளைப் பற்றிச் சொன்னது சரிதான் சார். முன்தேர்வு, பின்தேர்வு, மதிப்பெண் கூடியது என்று எழுதி முடிப்பவர்கள் என் வகுப்பிலும் உண்டு. ஆனால் நான் செய்ததைக் கேளுங்கள். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். "வெயில் ஏறினா பால் இறங்காது" என்பார். ஏன்? மாமாவின் தோட்டத்தில் பத்து மரம் எடுத்தேன். ஐந்தைக் காலை ஆறுக்கும், ஐந்தைப் பதினொன்றுக்கும் வெட்டச் சொன்னேன். அடுத்த வெட்டில் நேரத்தை மாற்றிப் போட்டோம். இல்லாவிட்டால் மரத்தின் குணத்தை நேரத்தின் தலையில் கட்டிவிடுவோம். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன, பட்டைக்குள் பால் குழாய்களில் அழுத்தம் இறங்குகிறது. தாவரவியலும் இயற்பியலும் பால் வடியும் ஒரே மங்குக் கிண்ணத்துக்குள்! மங்கிலேயே பால் உறையாதிருக்க அம்மோனியா விட்டபோது வேதியியலும் சேர்ந்துகொண்டது.

செம்பனைக்காரி:
என் அம்மா எண்ணெய் தரும் செம்பனையின் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவியவர். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வேலையே போய்விட்டது. மகரந்தச் சேர்க்கைப் பாடத்தில் என் மகனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்த டீச்சர் வேண்டும்.

பழைய வாத்தியார்:
கதை நல்ல கதைதான் அம்மா. முப்பது பிள்ளைகள், அரை மணி நேரம், முடிக்க வேண்டிய பாடத்திட்டம். இதை வைத்துக்கொண்டு எத்தனை வண்டைத் தேடுவது? டீச்சர், ஒன்று கேட்கிறேன். மழைத் தண்ணீர் மங்கில் சேர்ந்திருந்தால் உங்கள் கணக்கு என்ன ஆகும்?

பயிற்சி டீச்சர்:
ஒரு நாள் மழை பெய்தது சார். அந்த நாள் அளவை ஒதுக்கிவிட்டு இன்னொரு வெட்டு கூடுதலாக எடுத்தோம்.

பழைய வாத்தியார்:
ஒதுக்கியதை அறிக்கையில் எழுதினீர்களா?

பயிற்சி டீச்சர்:
எழுதினேன் சார். எந்த நாள், ஏன் என்பதோடு.

பழைய வாத்தியார்:
அப்படியானால் அனுப்புங்கள், படிக்கிறேன். மின்சுற்றையும் விட்டுவிடாதீர்கள்.