மறு: ஃபெனஸ்ட்ரேஷன் – சாளரமா, துளையா, மடையா?

> 'சாளரம்' அகராதியிலேயே இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே.

அண்ணாச்சி, அகராதியில் இருப்பது சரி. வீங்கிய பெருந்தமனிக்குள் வைக்கிற துணி உறை போட்ட குழாயில் (உறைக்குழாய்), கிளைத் தமனிக்கு ரத்தம் போக விடுகிற திறப்புக்குத்தானே 'ஃபெனஸ்ட்ரேஷன்' என்கிறார்கள், அதற்குத்தானே தமிழ்ச் சொல் தேடுகிறோம். நாகர்கோவிலில் ஒப்புதல் படிவத்தில் 'சாளரமிட்ட உறைக்குழாய்' என்று எழுதினால், கையெழுத்துப் போடுகிறவருக்கு என்ன புரியும்? 'துளை' இன்னும் மோசம். இதயத்தில் ஓட்டை என்று கேட்டுப் பழகிய காது அதையும் கோளாறாகத்தான் எடுத்துக்கொள்ளும். போதாததற்கு இந்தச் சிகிச்சையில் உறைக்கு வெளியே, வீங்கிய பகுதிக்குள் ரத்தம் போகிற 'கசிவு' என்ற தனிச் சிக்கலும் உண்டு. துளை என்றால் அதுவோ என்று குழம்புவார்கள்.

வேலை என்ன என்று பாருங்கள். வயிற்றுப் பெருந்தமனியின் விட்டம் சாதாரணமாக 2 செ.மீ. அளவில் இருக்கும். 3 செ.மீ. ஆனால் வீக்கம், ஆண்களுக்கு 5.5 தொட்டால் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். 1990இல் அறுவை மருத்துவர் ஹுவான் பரோடி அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் தொடங்கிவைத்த வழி, தொடைத் தமனி வழியாக உறைக்குழாயை ஏற்றி உள்ளே விரிப்பது. வீக்கம் சிறுநீரகத் தமனி வரை வந்துவிட்டால், குழாயை ஊன்ற நல்ல சுவர் அதற்கு மேலேதான் கிடைக்கும். அங்கே ஊன்றினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகாது. அதனால்தான் சி.டி. ஸ்கேனில் அளவெடுத்து, பாலியெஸ்டர் உறையில் அந்தந்த இடத்தில் வழி விடுகிறார்கள். அதன் விளிம்பில் எக்ஸ்ரேயில் தெரிகிற உலோகப் பொட்டுகளும் இருக்கும். பிறகு அதன் வழியே சின்ன ஸ்டென்ட் ஒன்று தமனிக்குள் போகும்.

அனந்தனார் சானலில் வயலுக்குத் தண்ணீர் பாய விட்டிருப்பதை ஓட்டை என்றா சொல்கிறோம்? மடை. உறையில் இருப்பது மடை. தமனி பிரிகிற இடம் வாய். மடையும் வாயும் நேர்பட வேண்டும். தமனி கிளம்பியவுடனே இரண்டாகப் பிரிந்தாலோ, ஒரே சிறுநீரகத்துக்கு இரண்டு தமனி இருந்தாலோ, அது 4 மி.மீ.க்கும் ஒல்லியாக இருந்தாலோ அங்கேதான் சிக்கல்.

---

> உறையில் இருப்பது மடை

தம்பி, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் மடையை மண்வெட்டியால் அடைக்கவும் செய்வார்கள். இது அடைந்தால் சிறுநீரகம் போச்சு. சரி, அந்தக் குறை எந்தச் சொல்லுக்கும் இருக்கும். பெரிய சங்கடம் வேறு. உறையிலேயே குட்டைக் குழாய் தைத்து வருகிற வகையும் உண்டு. கீழ்நோக்கி இறங்கும் தமனிக்கு அது தோது. குறுக்கேயோ மேல்நோக்கியோ போகிற தமனிக்கு மடைதான் தோது. இரண்டையும் மடை என்று எழுதிவிடாதீர்கள். அது கிளைக்குழாய்.

'மடையிட்ட உறைக்குழாய்' என்று கலைச்சொல் பட்டியலில் சேர்க்கிறேன். ஸ்டென்டை ஸ்டென்ட் என்றே விட்டுவிடுங்கள். மார்த்தாண்டம் சந்தையில் மீன் விற்கிறவருக்கும் தெரிந்த சொல் அது. அப்புறம், கசிவுக்கு வகை 1, வகை 2 என்று எண் போட்டால் போதுமா, பெயரும் வேண்டுமா?