டேனியல் பௌலியின் ஆராய்ச்சித் தாக்கத்தை எதைக் கொண்டு அளப்பது?

குளச்சல் மாணவி:
முதுகலை விலங்கியல் இறுதியாண்டில் படிக்கிறேன். கடல் உயிரியலாளர் ஒருவரின் ஆராய்ச்சி வாழ்க்கையையும், அவரால் துறையில் நேர்ந்த மாற்றத்தையும் பற்றிக் கருத்தரங்கில் பேச வேண்டும்; டேனியல் பௌலியைத் தேர்ந்திருக்கிறேன். மேற்கோள் எண்ணிக்கையையும் ஹெச்-குறியீட்டையும் சொன்னாலே போதும் என்கிறார்கள் தோழிகள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் கரையில் மீன் பிடிப்பவர்களுக்கும் விளங்கும்படி எப்படி எடுத்துரைக்கலாம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்:
மகளே, எண்ணைச் சொல். ஆனால் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடு. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அந்தக் குறியீடு 50 என்றால், குறைந்தது 50 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்கு 50 உள்ளன என்று பொருள். அந்த மேற்கோள் ஏற்பா மறுப்பா என்பது அதில் தெரியாது.

பௌலி 1946-இல் பாரிசில் பிறந்தவர். ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1970-களின் நடுவில் இந்தோனேசியாவில் இழுவைமடி ஆய்வில் பணியாற்றியவர். குளிர்கடல் மீனின் செவிக்கல்லில் (காதுக்குள் இருக்கும் சிறு கல்) மரத்தின் ஆண்டுவளையம் போல வளையங்கள் தெரியும், வயதை எண்ணிவிடலாம். நம்முடையது போன்ற வெப்பக்கடலில் அவை அத்தனை தெளிவாக விழுவதில்லை என்பதால், வயதை நம்பி அங்கே எழுதப்பட்ட கணக்குமுறைகளை இங்கே கையாள்வது கடினமாக இருந்தது. மீன்களின் நீளத்தை மாதந்தோறும் அளந்தே வளர்ச்சியைக் கணிக்கும் எலிஃபான் என்ற கணினி முறையை அவர் மணிலாவில் இருந்தபோது உருவாக்கினார். வளர்ச்சி அளவுகளும் நீரின் வெப்பமும் தெரிந்தால் இயற்கை இறப்பு வீதத்தை (வலையில் படாமல் பிற காரணங்களால் மீன்கள் இறக்கும் வீதம்) மதிப்பிடலாம் என்று, 175 மீன் கூட்டங்களின் தரவைக் கொண்டு 1980-இல் காட்டினார். ஏலக்கூடத்தில் அளவுகோலோடு நிற்கும் மாணவராலும் மீன்வள மதிப்பீடு செய்ய முடியும் என்ற நிலை இப்படித்தான் வந்தது. எனக்கு அவருடைய மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிதாகப் படுகிறது. (நெய்மீனின் அறிவியல் பெயரைத் தேட நீ திறந்திருக்கக்கூடிய ஃபிஷ்பேஸ் தரவுத்தளமும் அவரும் ரெய்னர் ஃபுரோசும் தொடங்கியதுதான்.)

கடியபட்டணத்தான்:
தங்கச்சி, 1995-இல் அவர் எழுதிய ஒரே ஒரு பக்கக் கட்டுரையை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தலைமுறை அறிஞரும் தாம் பணிக்கு வந்த நாளில் கடலில் இருந்த மீன்வளத்தையே இயல்பு என்று கொள்கிறார்கள். அது குறைந்தபின் வருபவருக்கு அந்தக் குறைவே இயல்பாகிவிடுகிறது என்பது அதன் சாரம். பழையவர்களின் சொல்லையும் தரவாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். கரைமடி இழுத்த என் தாத்தா, கரையருகே கண்ட களவாயின் பருமனைச் சொன்னபோது நாங்கள் சிரித்திருக்கிறோம். கலிபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர்களிடம் அவரவர் காலத்தில் கண்ட மீன்வளத்தைப் பற்றிக் கேட்டு 2005-இல் ஆய்வே வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் கேட்கலாம்.

ஆய்வு மாணவர்:
மறுப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998-இல் சயின்ஸ் இதழில் பௌலியும் குழுவினரும், உலக மீன்பிடிப்பின் சராசரி உணவு அடுக்கு (பாசிக்கு 1, அதைத் தின்னும் உயிருக்கு 2, அதையும் தின்பதற்கு 3 என ஏறும் எண்) 1950-களின் தொடக்கத்தில் 3.3 ஆக இருந்து 1994-இல் 3.1 ஆக இறங்கியதாகக் காட்டினார்கள். பெரிய வேட்டை மீன்களைத் தீர்த்துவிட்டு, சிறு மீன்களுக்கு இறங்குகிறோம் என்பது அவர்கள் விளக்கம். அவ்வாண்டே எதிர்வாதம் எழுந்தது. பிடிப்பின் சராசரி கடலின் நிலையை நம்பத்தகுந்தவாறு காட்டுவதில்லை என்று 2010-இல் நேச்சர் இதழில் பிராஞ்சும் குழுவினரும் எழுதினார்கள். சாளை ஏராளமாகப் பட்டால் சுறா குறையாமலே சராசரி இறங்கும் என்பதை நம் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இந்தியக் கடலுக்கு இதைப் பொருத்திப் பார்த்து 2005-இல் விவேகானந்தன் குழுவினரும், 2008-இல் பதாலும் பௌலியும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். இத்தனை பேர் தம் தரவைத் திரும்பத் திறந்து பார்க்கும்படி செய்ததை ஹெச்-குறியீடு தனியே காட்டாது.

குளச்சல் மாணவி:
ஐயாவுக்கும் அண்ணன்மார்க்கும் நன்றி. எண்களை ஒரே படத்தில் முடித்துவிட்டு, நீள அளவீட்டிலிருந்து தொடங்குகிறேன். நம் மாவட்டத்திலேயே சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலமும் குளச்சலுக்கு மேற்குக் கடற்கரைத் தடைக்காலமும் இருப்பதால், இரண்டு இடத்து அளவுகளையும் கலக்காமல் குளச்சலில் மட்டும் அயலையை அளக்க நினைக்கிறேன். மாதம் எத்தனை மீன் அளந்தால் எலிஃபானுக்குப் போதுமானதாக இருக்கும்?